தறி போன வீடு

ஒரு வீடு எப்போது அழகாகிறது என்ற கேள்வி கொஞ்ச நாளாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. சுத்தம், வெளிச்சம், காற்றோட்டம் என்று பதில் சொல்லிவிடலாம். நான் கேட்பது அதுவல்ல. வெளியூர்க்காரர் ஒருவர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, ஓர் இரவுக்கு இத்தனை ஆயிரம் என்று கொடுத்துத் தங்க ஆசைப்படுகிறாரே, அந்த அழகு. திருப்புட்குழியில் எங்கள் தெரு வீடு எதையும் பார்த்து அப்படி யாரும் ஆசைப்பட்டதில்லை. புதுச்சேரியில், கடற்கரைச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய தமிழ் வீடு ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். அங்கே தங்கியபோது அந்த வீட்டில் எனக்குப் புதிதாக எதுவுமே இல்லை. அதே முற்றம், அதே மரத்தூண், அதே நாட்டு ஓடு, அதே சுண்ணாம்புச் சுவர், அதே தாழ்ந்த நிலைப்படி. எங்கள் வீட்டில் இருக்கும்போது கண்ணில் படாத இவை எல்லாம் அங்கே நின்று பார்க்க வைத்தன. ஓட்டிடுக்கு வழியாக விழும் வெயில் வட்டத்தைக்கூட அங்கே உட்கார்ந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் எதனால் வந்தது என்று பிறகு யோசிக்க ஆரம்பித்ததிலிருந்துதான் இந்த உறுத்தல்.

கூடத்து நிலைக்கண்ணாடிக்குக் கீழே ஒரு நீண்ட மரம். இரும்புக் கால் பொருத்தி, மெழுகு தேய்த்து மினுக்கி, மேலே பித்தளை உருளியில் தாமரை மொட்டுகளை மிதக்க விட்டிருந்தார்கள். உருளிக்குப் பக்கத்தில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது, அது தறியின் படமரம். நெய்த துணி சுருளுகிற மரம். நெய்கிறவர் வயிற்றை ஒட்டிக் கிடப்பது. ஒரு முனையில் சதுரமாகத் துளைகள் இருந்தன, கம்பைச் செருகித் திருப்பிப் பாவு நூலை இறுக்குவதற்கு. நீளவாக்கில் ஒரு காடி ஓடியது, துணியின் தலைப்பைக் குச்சியோடு சேர்த்து அழுத்துவதற்கு. நடுப்பகுதி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. பல வருஷம் ஓர் உடம்பு அதன்மேல் சாய்ந்து சாய்ந்து வேலை செய்த தேய்வு. அதற்குமேல் நான் எதிர்பார்க்காத ஒன்றும் அதில் இருந்தது: வலது ஓரத்தில் இன்னொரு தேய்வு, அத்தனை ஆழமில்லாமல், விரல் நுனிக்கு மட்டும் தெரிகிற மாதிரி. கோர்வை போட்ட தறி அது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும்போது மூன்று நாடா வேண்டும். நெய்கிறவரின் இரண்டு கை அதற்குப் போதாது. ஓரத்துக் கரையின் நாடாவைத் தள்ளித்தர ஒரு துணை பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் அந்தத் துணை பெரும்பாலும் ஒரு பிள்ளை. பள்ளிக்கூடம் போகாத, அல்லது காலையில் தறி, பிறகு பள்ளிக்கூடம் என்று இருந்த பிள்ளை. பிள்ளைகள் வளர்ந்து போய்விடுவார்கள், அடுத்த பிள்ளை வந்து உட்காரும். ஒரே உடம்பு இல்லாததால்தான் அந்தத் தேய்வு ஆழமாகவில்லை போலும். வரவேற்பில் இருந்த இளைஞரிடம் இந்த மரம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “பழைய படகோட மரம்னு நெனைக்கிறேன் சார். கடல் பக்கம்ல” என்றார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவருடைய தாத்தா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர் என்பதைப் பிறகு பேச்சுவாக்கில் அவரே சொன்னார்.

எங்கள் வீட்டுக் கூடம் இதே அளவுதான் இருக்கும். அதில் முக்கால்வாசி தறிக்கு. மிச்சம் இருக்கிற கால்வாசியில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம், படுத்தோம், ஜுரத்தில் கிடந்தோம். அம்மா ராட்டையில் தார் சுற்றுகிற சத்தமும் அப்பா பலகை அடிக்கிற சத்தமும் சேர்ந்து ஒரே சத்தமாகக் கேட்கும்; அது நின்றால்தான் தூக்கம் கலையும். கைக்குழந்தைக்குத் தூளி கட்டுவது தறிக்கு மேலே இருக்கும் உத்திரத்தில். சுவரில் ஆணி அடிக்க வேண்டுமானால் பாவு எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்துத்தான் அடிக்க வேண்டும். ஜன்னல் அங்கே இருப்பது காற்றுக்காக அல்ல, ஜரிகையின் இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. புதுச்சேரியில் அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். மழைக்காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஐப்பசி அடைமழையில் எங்கள் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றுவோம். ஈரத்தில் பட்டு இழை கனத்து ஒட்டிக்கொள்ளும், அச்சு ஓடாது. நெய்யாத நாளுக்குக் கூலி இல்லை. ஆகவே மழை என்றால் எங்கள் வீட்டில் பெரியவர்கள் பேச மாட்டார்கள். விடுதியில் நான் இருந்த அன்று சாயங்காலம் மழை பிடித்தது. முற்றத்தில் மழை இறங்குவதைப் பார்க்க எல்லா அறைக்காரர்களும் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள். இஞ்சி டீ வந்தது. மழை எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது, வாழ்க்கையில் முதல் முறையாக. அந்த வீட்டில் மழையால் நின்றுபோக ஒரு வேலையும் இல்லை என்பதே காரணம்.

நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இதுதான்: வேலை வெளியேறிய பிறகுதான் வீடு அழகாகிறது. தறி இருக்கும்வரை தூணை யாரும் பார்ப்பதில்லை. கண் தறியைப் பார்க்கிறது, அல்லது தறியில் இடித்துக்கொள்ளாமல் நடப்பதில் இருக்கிறது. தறியை இறக்கினால் கூடம் திறந்துகொள்கிறது. திறந்த கூடத்தில் வெயில் விழுகிறது. இதைச் சொல்லிவிட்டு உடனே ஒரு சந்தேகமும் வருகிறது. ஓய்வு என்பதே வேலை இல்லாத இடம்தானே. அதைத் தேடி வருகிறவரிடம் போய் ஏன் வேலையைக் காணோம் என்று கேட்பது நியாயமா? என் அம்மாவையே எடுத்துக்கொள்ளலாம். தறி இல்லாத அறையில் அவள் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை, பிரசவ வார்டைத் தவிர. அந்த விடுதியின் வெள்ளை மெத்தையில் அவளைப் படுக்க வைத்திருந்தால், அவள் எந்த உறுத்தலும் இல்லாமல் தூங்கியிருப்பாள். தூங்கியிருக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

திருப்புட்குழிக்கு வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவது புதிதல்ல. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். விஜயராகவப் பெருமாள், கோயிலுக்கு எதிரே ஜடாயு தீர்த்தம், திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆனால் நான் பார்த்து வளர்ந்த வருகையாளர்கள் பெண்கள். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள். தீர்த்தத்தில் குளித்து, வறுத்த பயற்றை ஈரத்தோடு மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி படுப்பார்கள். விடிந்து பார்க்கும்போது பயறு முளை விட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் வரம் கொடுத்துவிட்டாள் என்று நம்பிக்கை. அவர்களில் சிலர் எங்கள் வீட்டிலும் படுத்திருக்கிறார்கள். யார் என்ன என்று அம்மா கேட்டதாக நினைவில்லை. தறியை ஒட்டி ஒரு பாய் விரிப்பாள், பாவில் கால் படாமல் படுக்கச் சொல்வாள், அவ்வளவுதான். வந்தவர் தூங்க மாட்டார். மடியில் இருக்கும் பயறு நசுங்கிவிடக்கூடாது என்று ஒருக்களிக்கவும் பயந்து மல்லாந்தே கிடப்பார். விடிகாலையில் அப்பா குழியில் இறங்கிப் பலகை அடிக்க ஆரம்பித்ததும் அவர் எழுந்து, முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதற்கு முன் ஒரு நிமிஷம் தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் அழகு எதையும் தேடி அவர் வரவில்லை. தங்குவதற்கு ஒரு கனமான காரணம் அவரிடம் இருந்தது. எங்களிடமும் அவரைத் தங்கவைக்க ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். அது என்ன என்று இன்றைக்கு அம்மாவிடம் கேட்டால் அவள் கேள்வியையே புரிந்துகொள்ள மாட்டாள்.

ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை மேல் பாலுசெட்டி சத்திரம். சென்னைப் பக்கமாகப் போனால் சுங்குவார்சத்திரம். வழிப்போக்கர் தங்கக் கட்டிய இடங்கள் ஊர்ப்பெயராகி நின்றுவிட்டன. இப்போது அவை பஸ் நிறுத்தங்கள், கடைத்தெருக்கள். சத்திரத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் தஞ்சை சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வரும். ராமேசுவரம் போகிற வழியில் இருந்த சத்திரங்களில் என்னவெல்லாம் நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். வருகிறவர்களுக்குச் சோறு, குழந்தைகளுக்குப் பால், நோயாளிக்கு வைத்தியம், கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவம், வழியில் இறந்துபோனவருக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு. கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பெருமாளைத்தான் நினைத்தேன். வழியில் விழுந்து கிடந்த, உறவு எதுவும் இல்லாத ஓர் உயிருக்கு மகன் செய்ய வேண்டியதைச் செய்தவன் அவன். இதனால் சத்திரங்களை நான் கொண்டாடுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சமைத்த சோறு யாருக்கு, அரிசி பருப்பாக அளந்து கொடுப்பது யாருக்கு என்று சாதி பார்த்துத்தான் அங்கே எல்லாம் நடந்தது. பல சத்திரங்களில் படி ஏறவே முடியாதவர்கள் இருந்தார்கள். பணம் கொடுத்தால் யாருக்கும் கதவு திறக்கும் விடுதி அந்த வகையில் மேலானது. இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். புதுச்சேரியில் என் பெயரையும் அடையாள அட்டையையும் தவிர வேறெதையும் யாரும் கேட்கவில்லை. அந்த நிம்மதி சாதாரணமானதல்ல.

ஆனால் அதே நெடுஞ்சாலையில் இன்னொரு வகைத் தங்கல் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் வட்டாரத் தொழிற்சாலைகளில் செல்போன் பூட்டுகிற வேலைக்குப் பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். எங்கள் தெருவிலிருந்தும் ஷிப்டு பஸ் ஏறுகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டபோது, கூட வேலை செய்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அந்த நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதன்பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியை அரசு திறந்தது. பழைய நெரிசலுக்கு இது எவ்வளவோ நல்லது. என்றாலும் அந்த எண்ணை நினைத்தால் மனசு ஒரு மாதிரி ஆகிறது. 18,720 கட்டில். எத்தனை கூடங்கள் திறந்துகொண்டிருக்கும்? வேலை ஒரு பக்கமாகவும் வீடு ஒரு பக்கமாகவும் பிரிந்துவிட்டன. வேலை செய்கிறவர்கள் படுக்கிற இடத்தை யாரும் வீடு என்று சொல்வதில்லை, அவர்களே சொல்வதில்லை. வீடுகளோ வேலையில்லாமல், பெரியவர்கள் இரண்டு பேரோடு, மெல்ல மெல்ல அழகாகிக்கொண்டிருக்கின்றன. எங்கள் தெருவில் பகல் நேரத்தில் பலகைச் சத்தம் கேட்கும் வீடுகளை இப்போது வாசலில் நின்றே எண்ணிவிடலாம். கோர்வை தெரிந்த ஒருவர் காவலாளியாக நிற்கிறார். கூலி அதில் மாதாமாதம் வருகிறது. மழை பெய்தாலும் வருகிறது. இதற்கு எதிராக நான் என்ன சொல்ல முடியும்?

புதுச்சேரியில் மழை விட்ட பிறகு, கால்போன போக்கில் அந்தத் தெருக்களில் நடந்தேன். மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, காகிதப் பூ. ஒவ்வொரு சுவரின் முன்னாலும் யாராவது படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் துணியால் எழுந்த ஊர் என்பது அங்கே எங்கும் கண்ணில் படுவதில்லை. 1674 முதல் பிரான்சுவா மார்ட்டின் இதைக் கட்டியெழுப்பியபோது பிரெஞ்சுக் கும்பினிக்கு வேண்டியிருந்தது கடல் காற்றல்ல, நெசவாளர்கள். இங்கே அவுரியில் சாயம் தோய்த்த நீலத் துணி கப்பலேறி, ஐரோப்பா சுற்றி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே ஆற்றங்கரைகளில் அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். எந்தத் தறிக்குழியில் யார் கால் வைத்து நெய்த துணியோ, முகம் தெரியாத ஒரு பாலைவனத்து மனிதர் உடம்பில் கிடந்திருக்கிறது. அதன் லாபத்தில் இந்தச் சுவர்கள் எழுந்தன. பிறகு ஆலைகள் வந்தன. வரவேற்பு இளைஞரின் தாத்தா வேலை பார்த்த ரோடியர் மில் 1898-இல் தொடங்கியது. ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் என்று எழுதினாலும் ஊர்க்காரர் வாயில் ரோடியர்தான். 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் பலத்த சேதம். 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு முறைப்படி மூடிவிட்டார்கள். “தாத்தா வீட்ல எப்பவும் பஞ்சு வாசன அடிக்கும் சார், இப்ப இல்ல” என்றார் அந்த இளைஞர். அதை வருத்தமாகவும் சொல்லவில்லை, சந்தோஷமாகவும் சொல்லவில்லை. பாட்டன் துணி செய்த ஊரில் பேரன் துணி மடிக்கிறார்: காலையில் எல்லா அறைக் கட்டில்களிலும் பழைய பட்டுச் சேலையின் முந்தியை வெட்டித் தைத்த விரிப்பைக் குறுக்கே போட்டு, சுருக்கம் நீவிவிடுவது அவர் வேலைகளில் ஒன்று. நான் அந்த விரிப்பை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். முந்திக்குக் கீழே கால் வைத்துப் படுக்க என்னால் ஆகவில்லை. நெய்தவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்ற கூச்சம்தான்.

இதற்கெல்லாம் மறுபக்கமும் எனக்குத் தெரியும். என் பெரியப்பா வீட்டுத் தறியை இறக்கியபோது நான் அங்கே இருந்தேன். வாங்க ஆள் இல்லை. விழுதுகளைச் சுருட்டிப் பரணில் போட்டார்கள். கட்டைகள் கொல்லையில் சாய்ந்து கிடந்தன, பிறகு ஒவ்வொன்றாக வெந்நீர் அடுப்புக்குப் போயின. படமரம் காய்ந்த வைரம் பாய்ந்த மரம், நின்று எரிந்தது. தை மாசக் குளிரில் குளிக்க நல்ல சூடான தண்ணீர் கிடைத்தது. அது எரிந்ததா, அல்லது எங்கோ ஒரு விடுதியில் தாமரை மொட்டுகளைச் சுமந்து நிற்கிறதா, எது மேல் என்று கேட்டால் நிற்பதுதான் மேல். அந்த விடுதிக்காரர்கள் இல்லையென்றால் அந்த வீடும் இடிந்து நான்கு மாடிக் கட்டடமாகியிருக்கும். புதுச்சேரியில் அப்படி இடிந்த வீடுகள் கொஞ்சமல்ல. அவர்கள் மரத்தைக் காப்பாற்றினார்கள். ஓரத்துப் பிள்ளையின் தேய்வைக்கூட, தெரியாமலேயே காப்பாற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த உழைப்பு திரும்பி வர வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை; சட்டமும் பள்ளிக்கூடமும் அவனை அந்தப் பலகையிலிருந்து எழுப்பியது நல்ல காரியம். வேலையைப் புனிதமாக்கிவிட்டு அதன் வலியை மறைக்கிற பேச்சும் எனக்கு ஆகாது. முட்டி தேய்ந்து, கண் மங்கி, ஐம்பது வயசில் குழியிலிருந்து எழ முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிய மனிதர் என் அப்பா.

இப்போது இதெல்லாம் என் வீட்டு விஷயமாகவே வந்துவிட்டது. காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் நெசவாளர் வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்க்க விரும்புகிறார்கள் என்று யாரோ என் தம்பியிடம் பேசியிருக்கிறார்கள். கூடத்துக்கு வெள்ளையடித்து, குளியலறை கட்டி, ஏசி போட்டு, மாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்களாம். “தறி இருக்கட்டும்னு சொல்றாங்கண்ணா. ஆனா நெய்ய வேணாமாம், விடியக்காலைல சத்தம் ஆகாதாம். குழி மட்டும் ஆபத்து, குழந்தைங்க வந்தா விழுந்துடும், அத சிமென்ட் போட்டு மூடிடலாம்ங்கறாங்க” என்றான் போனில். தொகை அவன் நெசவில் சம்பாதிப்பதைவிட அதிகம். அவன் மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள். அவனுக்கு முதுகு வலி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் அந்தக் குழியிலிருந்து எப்போதோ ஏறி வந்துவிட்டவன். ஆனாலும் கேட்டான் என்பதற்காக, யோசித்து நான் சொன்னது இவ்வளவுதான். தங்க வருகிறவர்கள் வரட்டும், பணம் வாங்கு, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. குளியலறை கட்டட்டும், அம்மாவுக்கும் ஆகும். ஆனால் குழியை மூட ஒத்துக்கொள்ளாதே. குழந்தை விழும் என்றால் மேலே பலகை போட்டு மூடு, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வருகிறவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்து, எட்டு மணிக்குமேல் நெய்வேன் என்று சொல்லிப் பார். அதற்கும் முடியாது என்று அவர்கள் சொன்னால், அவர்கள் கேட்பது என்ன வீடு என்று உனக்கே தெரிந்துவிடும். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, இப்போது தறியில் ஏறியிருக்கும் பாவில் இன்னும் இரண்டு சேலை பாக்கி, அதை அறுத்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அவர்களிடம் தவணை சொல்லியிருப்பதாகச் சொன்னான். எட்டு மணி விஷயத்தை அப்போதே கேட்டுவிடுகிறேன் என்றான்.